உப்பும் சமாதானமும்

"அழைத்தல்" என்பது நம் பள்ளியில் அடிக்கடி ஒலிக்கும் சொல். இறையழைத்தல் ஞாயிறு வந்தால் அருட்சகோதரியர் அதைப்பற்றி நமக்கு எடுத்துரைப்பார்கள். நாமும் தலையசைத்துக் கேட்போம். ஆனால் மனத்துக்குள், "இது மடத்தில் சேரப்போகிறவர்களுக்குச் சொல்லப்படுவது, நமக்கன்று" என்று ஒதுக்கிவிடுவோம். இவ்வெண்ணம் சரிதானா?

துறவறத்தார்க்கு மட்டுமன்றி, நாளை தாயாராகவும், ஆசிரியையாகவும், செவிலியாகவும், உப்பளத்தில் உழைப்பவராகவும் வாழப்போகும் ஒவ்வொருவருக்கும் பொதுவான ஓர் அழைத்தல் உண்டு. அதுவே பிறரோடு சேர்ந்து சமாதானத்தைக் கட்டியெழுப்பும் அழைத்தல். மலைப்பொழிவில் நம் ஆண்டவர் சமாதானம் செய்பவர்களைப் பேறுபெற்றோர் என்கிறார். இறைவனின் மக்கள் என்ற உயர்ந்த பெயரையும் அவர்களுக்குத் தருகிறார். சமாதானத்தை விரும்புபவர்க்கு அல்ல, அதைச் செய்பவர்க்கே அப்பெயர் கிடைக்கிறது என்பதை நாம் கவனிக்க வேண்டும். விரும்புவது எளிது. செய்வது எப்படி? இக்கட்டுரையில் அதைச் சிறிது சிந்திப்போம்.

மாற்கு நற்செய்தி 9ஆம் அதிகாரத்தின் கடைசி வசனத்தில் ஆண்டவர் உப்பைப்பற்றிப் பேசுகிறார். அதே வசனத்திலேயே, ஒருவரோடொருவர் சமாதானமாய் வாழ்வதைப்பற்றியும் பேசுகிறார். உப்புக்கும் சமாதானத்துக்கும் என்ன தொடர்பு? வேறு ஊர் மாணவியர் இதற்கு விளக்கவுரைகளைத் தேட வேண்டியிருக்கும். மரக்காணத்தில் வாழும் நமக்கோ வீட்டு வாசலிலேயே விளக்கம் விரிந்து கிடக்கிறது.

உப்பளம் சொல்லும் பாடம்

நம் பெற்றோரில் பலர் அறிந்த தொழில்தான் இது. ஆனால் நாம் நின்று பார்த்திருக்கிறோமா? மழைக்காலம் ஓய்ந்ததும் வரப்புகளைச் செப்பனிடுகிறார்கள். பாத்தியின் தரையைக் காலால் மிதித்து மிதித்துக் கெட்டிப்படுத்துகிறார்கள். தரை இறுகாவிட்டால் நீர் கீழே இறங்கிப் போகும். உப்பில் சேறும் கலந்துவிடும். பிறகு உவர்நீரைப் பெரிய பாத்திகளில் தேக்கி, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றி, வெயிலிலும் காற்றிலும் சுண்ட விடுகிறார்கள்.

ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்புப் பொருள்கள் கரைந்துள்ளன. அவற்றில் நாம் உண்ணும் உப்பு ஏறத்தாழ 27 கிராம். நீர் சுண்டச் சுண்ட, முதலில் சுண்ணாம்புப் பொருளும் ஜிப்சமும் அடியில் படிகின்றன. நீர் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காய்க் குறைந்த பிறகே வெண்மையான உப்பு மணிகள் தோன்றுகின்றன. அதோடு வேலை முடிந்துவிடுவதில்லை. உப்பு விளைந்தபின் எஞ்சி நிற்கும் நீர் மிகவும் கசப்பானது, மக்னீசியம் மிகுந்தது. அதை வடித்துவிட வேண்டும். வடிக்காமல் விட்டால் நல்ல உப்பும் கசக்கும். ஈரம் உறிஞ்சிக் கசியும்.

இதில் நமக்குரிய பாடம் என்ன? முதலாவது, தரை உறுதியாக வேண்டும். நீதி இல்லாத இடத்தில் சமாதானத்தை ஊற்றினால் அது கீழே இறங்கிவிடும். இரண்டாவது, பொறுமை வேண்டும். கடல்நீர் ஒரே நாளில் உப்பாவதில்லை. மூன்றாவது, கசப்பை வடிக்க வேண்டும். சண்டை ஓய்ந்த பிறகும் மனத்தில் கசப்பு தங்கியிருந்தால் விளைந்ததெல்லாம் கெட்டுவிடும். நான்காவது, இது தனி ஒருவர் செய்யும் தொழில் அன்று. வரப்புக் கட்டுபவர், நீர் பாய்ச்சுபவர், உப்பு வாருபவர், சுமப்பவர் எல்லாரும் சேர்ந்தால்தான் உப்புக் குவியல் எழும்.

இந்த நான்கு பாடங்களையும் தம் வாழ்வில் நடத்திக் காட்டிய ஒரு தமிழ்ப் பெண்மணியை இனி அறிந்துகொள்வோம். அவர் கத்தோலிக்கர் அல்லர். ஆயினும் அவருடைய வரலாறு நம் திருச்சபையின் போதனைக்கு ஒரு விளக்கவுரைபோல் அமைந்திருக்கிறது.

கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன்

இவர் 1926ஆம் ஆண்டு, இன்றைய திண்டுக்கல் மாவட்டத்தைச் சேர்ந்த சிற்றூரில், நிலமற்ற தலித் குடும்பத்தில் பிறந்தார். இளமையிலேயே தந்தையை இழந்தார். நிறைய பிள்ளைகளை வைத்துக்கொண்டு தாயார் நாகம்மாள் கூலி வேலை செய்து குடும்பத்தைக் காத்தார். பெண்பிள்ளைகள், அதுவும் ஏழைப் பிள்ளைகள், பள்ளிக்குப் போவதே அரிதாயிருந்த அந்நாளில் கிருஷ்ணம்மாள் மதுரைக்குச் சென்று படித்தார். டாக்டர் சௌந்தரம் அம்மையாரின் ஆதரவு அவருக்குக் கிடைத்தது. பட்டப்படிப்பையும் முடித்தார். படித்து முடித்தவருக்கு நல்ல சம்பளத்தில் வேலை தேடிக்கொள்ளும் வழி திறந்திருந்தது. அவரோ காந்தியடிகளின் சர்வோதயப் பணியைத் தேர்ந்தெடுத்தார்.

1950ஆம் ஆண்டு அவர் சங்கரலிங்கம் ஜெகந்நாதனை மணந்தார். ஜெகந்நாதன் வசதியான குடும்பத்தில் பிறந்தவர். 1930ஆம் ஆண்டு காந்தியடிகளின் குரலைக் கேட்டுக் கல்லூரிப் படிப்பைத் துறந்தவர். அந்த 1930ஆம் ஆண்டு எத்தகைய ஆண்டு என்பதை உப்பளத்து மக்களாகிய நாம் மறக்கலாகாது. அவ்வாண்டு ஏப்ரல் 13ஆம் நாள் திருச்சிராப்பள்ளியிலிருந்து ராஜாஜி தொண்டர்களோடு புறப்பட்டு, வேதாரணியம் கடற்கரைக்கு நடந்தே சென்று, ஏப்ரல் 30ஆம் நாள் தடையை மீறி உப்பெடுத்தார். ஒரு பிடி உப்பு ஒரு நாட்டையே எழுப்பிய ஆண்டு அது. இந்தியா விடுதலை பெறும்வரை மணம் புரிவதில்லை என்று உறுதி பூண்டிருந்த ஜெகந்நாதன், அவ்வாறே காத்திருந்து கிருஷ்ணம்மாளை வாழ்க்கைத் துணையாக ஏற்றார். சாதி அங்கே தடையாக நிற்கவில்லை.

1951ஆம் ஆண்டு வினோபா பாவே பூதான இயக்கத்தைத் தொடங்கினார். நிலம் உள்ளவர்கள் நிலமில்லாதவர்களுக்கு மனமுவந்து நிலம் கொடுக்க வேண்டும் என்பதே அவ்வியக்கம். கணவனும் மனைவியும் அதில் இணைந்து ஊர் ஊராக நடந்தார்கள்.

கிறிஸ்துமஸ் இரவில் எழுந்த அழைப்பு

1968ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் நாள். உலகமெங்கும் ஆலயங்களில் பாலன் பிறந்த மகிழ்ச்சி. அன்றிரவு, அப்போதைய தஞ்சை மாவட்டத்தைச் சேர்ந்த கீழ்வெண்மணியில், உயிருக்கு அஞ்சி ஒரு குடிசைக்குள் ஓடி ஒளிந்த 44 பேர் தீவைத்துக் கொல்லப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். விவசாயக் கூலிகளான தலித் மக்கள் நெல் கூலியைச் சற்று உயர்த்திக் கேட்டதும், சங்கமாய்ச் சேர்ந்ததும் அந்தக் கொடுமைக்கு முன்னால் நடந்த தகராறின் காரணங்கள்.

இச்செய்தி கேட்டு நாடே நடுங்கியது. நடுங்கியவர்கள் பலர், அங்கே சென்றவர்கள் சிலர், அங்கேயே தங்கியவர்கள் மிகச் சிலர். கிருஷ்ணம்மாளும் ஜெகந்நாதனும் அந்த மிகச் சிலரைச் சேர்ந்தவர்கள். துயரப்பட்ட மக்களின் நடுவே குடியேறி, கீழத்தஞ்சையையே தங்கள் பணிக்களமாக்கிக் கொண்டார்கள்.

இங்கே நாம் சற்று நிற்போம். அவர்களை யார் அழைத்தார்கள்? கடிதம் எதுவும் வரவில்லை. பதவியோ சம்பளமோ காத்திருக்கவில்லை. உள்ளத்தின் குரல் ஒன்றே அழைத்தது. மனச்சான்று என்பது மனிதன் இறைவனோடு தனித்திருக்கும் உள்ளறை போன்றது என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் (1962–1965) போதித்தது. அந்த உள்ளறையில் கேட்கும் குரலுக்குக் கிருஷ்ணம்மாள் வேறு பெயர் சூட்டக்கூடும். அவர் வள்ளலார் வழியில் அருட்பெருஞ்சோதியை வழிபடுபவர். குரல் கேட்டதும் எழுந்து நடந்தார் என்பதே நமக்கு முக்கியம்.

அழைப்பு உண்மையானதா, வெறும் உணர்ச்சியா என்று எப்படி அறிவது? உணர்ச்சி நம்மை அழ வைக்கும்; மறுநாள் வேறொன்றில் மறைந்துவிடும். உண்மையான அழைப்போ நம்மைப் பிறரிடம் கொண்டுபோய்ச் சேர்க்கும். அங்கே நிலைக்கவும் வைக்கும். கிருஷ்ணம்மாள் கீழத்தஞ்சையில் தங்கியது ஒரு நாள், ஒரு வாரம் அன்று, பல்லாண்டுகள்.

பழிக்குப் பழி அன்று, நிலத்துக்கு வழி

கீழ்வெண்மணிக்குப் பின் பழிவாங்கும் எண்ணம் எழுவது இயல்பே. அதற்கு மாறாக, "சண்டையின் வேர் எது?" என்று அத்தம்பதியர் தேடினார்கள். உழுபவனுக்கு நிலமில்லை, ஆகவே அவன் மற்றவர் கையை எதிர்பார்த்தே வாழ வேண்டியிருக்கிறது. இந்த வேர் இருக்கும்வரை சமாதானம் என்பது இரண்டு சண்டைகளுக்கு நடுவே உள்ள இடைவேளைதான் என்று கண்டார்கள்.

1981ஆம் ஆண்டு உழுபவனின் நிலவுரிமை இயக்கத்தைத் தொடங்கினார்கள். ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைக்கொண்டு மக்கள் இதை "லாஃப்டி" என்பர். அதன் வழி எளியது, ஆனால் கடினமானது. நிலம் வைத்திருப்பவரையும் நிலமற்ற ஏழையையும் ஒரே இடத்தில் உட்கார வைத்துப் பேசச் செய்வது. நியாயமான விலையை முடிவு செய்வது. வங்கிக் கடன் பெற்று நிலத்தை வாங்குவது. கூட்டாக உழைத்துக் கடனை அடைப்பது. நிலத்தைப் பெண்களின் பெயரில் எழுதுவதற்கு அவர்கள் முதலிடம் தந்தார்கள். பெண்ணிடம் உள்ள நிலம் பிள்ளைகளின் பசிக்குப் போகும். சாராயக் கடைக்குப் போகாது என்பது அவர்கள் நம்பிக்கை. இவ்வாறும் இதற்கு முந்திய போராட்டங்களாலும் ஏறக்குறைய 13,000 ஏக்கர் நிலம் ஏழைக் குடும்பங்களுக்குக் கிடைத்தது.

இவ்வழியில் சத்தியாக்கிரகம் உண்டு, சிறைவாசம் உண்டு, ஆனால் பகைமை இல்லை. நிலவுடைமையாளர் வீட்டு வாசலுக்கும் அவர் செல்வார், குடிசைக்கும் செல்வார். இரு தரப்பிலும் மனிதரையே பார்த்தார். கசப்பு நீரை வடித்துவிட்டு உப்பை மட்டும் எடுக்கும் கலை இதுவன்றோ?

புனித திருத்தந்தை 23ஆம் அருளப்பர், 1963 ஏப்ரல் 11ஆம் நாள் உலக சமாதானம் குறித்துச் சுற்றுமடல் ஒன்று வெளியிட்டார். கத்தோலிக்கருக்கு மட்டுமன்றி, நல்மனம் கொண்ட எல்லாருக்கும் அதை எழுதினார். சமாதானம் என்ற வீட்டுக்கு உண்மை, நீதி, அன்பு, சுதந்திரம் ஆகிய நான்கும் வேண்டும் என்பது அதன் சாரம். கிருஷ்ணம்மாள் அச்சுற்றுமடலைப் படித்தாரோ இல்லையோ, அந்த நான்கையும் நாம் அவர் பணியில் காண்கிறோம். தகராறின் வேரை மறைக்காமல் சொன்னது உண்மை. உழுபவர்க்கு நிலம் தேடியது நீதி. எதிர்த்தரப்பினரையும் வெறுக்காதது அன்பு. கைகட்டி நின்றவர்களைச் சொந்தக் காலில் நிற்க வைத்தது சுதந்திரம்.

கடற்கரைக்கு வந்த சோதனை

1990களில் புதிய சிக்கல் ஒன்று எழுந்தது. கடலோரத்தில் பெரிய இறால் பண்ணைகள் பெருகின. அவற்றின் உவர்நீர் இறங்கியதால் வயல்களும் குடிநீர்க் கிணறுகளும் கெட்டன. விளைநிலம் பண்ணையாக மாறியதால் கூலி வேலையும் குறைந்தது. பாடுபட்டுப் பெற்ற நிலம் உப்பாகிப்போனால் ஏழை எங்கே போவான்? முதிய வயதில் ஜெகந்நாதன் மீண்டும் சத்தியாக்கிரகத்தில் இறங்கினார். உச்ச நீதிமன்றத்திலும் வழக்குத் தொடுத்தார்.

1996ஆம் ஆண்டு டிசம்பர் 11ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அவ்வழக்கில் தீர்ப்பளித்தது. கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் இறால் பண்ணைகள் அமைப்பதைத் தடுத்தது. பாரம்பரிய முறைகளுக்கு மட்டும் விலக்கு அளித்தது. விளைநிலங்களையும், சதுப்பு நிலங்களையும், ஊர்ப் பொதுநிலங்களையும் இறால் குளங்களாக மாற்றக்கூடாது என்றது. மாணவியரே, அந்தப் பட்டியலில் உப்பள நிலங்களும் இடம்பெற்றிருந்தன! நாகைப் பக்கத்து வயல்களுக்காகத் தொடுத்த வழக்கு, இந்தியக் கடற்கரையில் உள்ள உப்பளங்களுக்கெல்லாம் சேர்த்துக் காவல் தேடியது. பின்னர் 2005ஆம் ஆண்டு நாடாளுமன்றம் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்புக்கென்று தனிச் சட்டம் இயற்றிப் பண்ணைகளை முறைப்படுத்த ஆணையம் ஒன்றை அமைத்தது. ஆகவே பண்ணைகள் முற்றும் மறைந்துவிடவில்லை, வாதமும் ஓய்ந்துவிடவில்லை. சமாதானப் பணி ஒரே தீர்ப்போடு முடிவதன்று என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

2008ஆம் ஆண்டு சுவீடன் நாட்டின் வாழ்வுரிமை விருது இருவருக்கும் சேர்த்து வழங்கப்பட்டது. 2013 பிப்ரவரியில் ஜெகந்நாதன் காலமானார். 2020ஆம் ஆண்டு இந்திய அரசு கிருஷ்ணம்மாளுக்குப் பத்மபூஷண் விருது அறிவித்தது.

தூரதேசத்தில் ஓர் ஆசிரியை

இத்தகைய அழைப்பு நம் நாட்டில் மட்டும் கேட்பதன்று. ஆப்பிரிக்காவின் புருண்டி நாட்டில் மார்கரீத் பராங்கிட்சே என்ற கத்தோலிக்கப் பெண்மணி ஆசிரியையாகப் பணிபுரிந்தவர். அந்நாட்டில் டுட்சி, ஹுட்டு என்ற இரு இனத்தாரிடையே கொலைவெறி மூண்டது. அவர் டுட்சி இனத்தவர். 1993 அக்டோபரில் ரூயிகி நகர ஆயர் இல்லத்தில் தஞ்சம் புகுந்திருந்த ஹுட்டு மக்களை அவருடைய சொந்த இனத்தாரே அவர் கண்முன் கொன்றார்கள். அவர் ஓடிப்போகவில்லை. உயிர் தப்பிய குழந்தைகளைச் சேர்த்துக் காத்தார். பின்னர் "சமாதான இல்லம்" என்ற பொருளுடைய நிறுவனத்தைத் தொடங்கி, இரு இனப் பிள்ளைகளையும் ஒரே வீட்டில், ஒரே பந்தியில் வளர்த்தார். அவர் செய்ததும் இதுவே: உள்ளத்தின் குரல் கேட்டார், துயரத்தின் நடுவே நின்றார், பிரிந்தவரை ஒன்றாக உட்கார வைத்தார்.

நம் கரையில் நமக்குள்ள பணி

புருண்டியும் கீழ்வெண்மணியும் வெகு தொலைவு என்று நாம் ஆறுதல் கொள்ள முடியாது. 2013ஆம் ஆண்டு ஏப்ரல் 25ஆம் நாள், நம் மரக்காணத்திலேயே கிழக்குக் கடற்கரைச் சாலையில் சாதி மோதல் மூண்டது. குடிசைகள் எரிந்தன, வாகனங்கள் சேதமுற்றன, உயிரிழப்பும் நேர்ந்தது. இன்று கீழ்வகுப்புகளில் படிக்கும் தங்கைகள் அன்று பிறந்திருக்கமாட்டார்கள். ஆனால் அந்நாளின் கசப்பு அவர்கள் காதிலும் விழாமலா இருக்கும்?

யார் குற்றவாளி என்று தீர்ப்புச் சொல்வது நம் வேலையன்று. அதற்கு நீதிமன்றங்கள் உண்டு. அந்தக் கசப்பு அடுத்த தலைமுறையின் பாத்தியில் தேங்காமல் வடிப்பதே நம் வேலை. நம் வகுப்பைச் சற்று நினைத்துப் பாருங்கள். மீனவர் குப்பத்துப் பிள்ளை, உப்பளத் தொழிலாளியின் பிள்ளை, உழவர் வீட்டுப் பிள்ளை, காலனிப் பிள்ளை, கடைத்தெருப் பிள்ளை, இந்து, இஸ்லாமியர், கிறிஸ்தவர் எல்லாரும் ஒரே மணிக்கு எழுந்து ஒரே மணிக்கு அமர்கிறோம். ஊரில் சேர்ந்து உட்காராதவர்களின் பிள்ளைகள் இங்கே ஒரே பலகையில் உட்காருகிறோம். இதைவிடச் சிறந்த பாத்தி சமாதானத்துக்கு எங்கே கிடைக்கும்?

ஆகவே நாம் செய்யக்கூடியவை சில உண்டு. சாதியைச் சொல்லிக் கேலி பேசும்போது சிரிக்காமலிருப்பது முதற்படி. மதிய உணவு வேளையில் தனியே உட்காரும் தோழியின் அருகே சென்று உட்காருவது இரண்டாம் படி. ஊரில் பரவும் வதந்தியைக் கைபேசியில் மற்றவருக்குத் தள்ளிவிடாமல், உண்மையா என்று பெரியவர்களிடம் கேட்பது மூன்றாம் படி. மழைக்காலத்தில் உப்பளத்தில் வேலை நின்றுவிடும்போது, எந்தத் தோழியின் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று விசாரித்து அருட்சகோதரியரிடம் சொல்லி உதவி தேடுவது நான்காம் படி. இவை சிறியவை. ஆனால் உப்பு மணியும் சிறியதே.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. வீட்டில் பேசும் பேச்சே பிள்ளையின் மனத்தில் படிகிறது. பழைய சண்டைகளை நீங்கள் எந்தக் குரலில் சொல்கிறீர்களோ, அந்தக் குரலில்தான் நாங்கள் அவற்றைக் கற்கிறோம். உண்மையைச் சொல்லுங்கள், கசப்பை வடித்துவிட்டுச் சொல்லுங்கள்.

அழைப்பு பெரிய ஓசையோடு வருவதில்லை. பக்கத்துப் பலகையில் இருப்பவளின் கண்ணீராகவும் அது வரலாம். அதைக் கேட்டும் கேளாதவர்போல் கடந்து போகலாம். அல்லது, "இதோ இருக்கிறேன்" என்று எழுந்து அவளிடம் செல்லலாம். எழுந்து செல்லும் வரத்தை இறைவன் நமக்கு அருள்வாராக.

சிந்தித்து விடை காண்க

1. சமாதானத்தை விரும்புவதற்கும் சமாதானம் செய்வதற்கும் உள்ள வேறுபாட்டை உங்கள் ஊரிலிருந்து ஓர் எடுத்துக்காட்டுத் தந்து விளக்குக.

2. கீழ்வெண்மணித் துயரத்துக்குப் பின் கிருஷ்ணம்மாளும் ஜெகந்நாதனும் சண்டையின் வேரைத் தேடினார்கள். நீங்கள் அறிந்த ஒரு சண்டையின் வேர் எது?

3. 1996ஆம் ஆண்டுத் தீர்ப்பு உப்பள நிலங்களைப்பற்றி என்ன சொன்னது? அது நம் ஊருக்கு எவ்வாறு பொருந்தும் என்று பெற்றோரோடு உரையாடுக.

4. உங்கள் வகுப்பில் வடிக்கப்பட வேண்டிய கசப்பு ஏதேனும் உண்டா? அதற்காக நீங்களும் மற்றொரு தோழியும் சேர்ந்து இவ்வாரம் என்ன செய்வீர்கள்?